யார் கணக்குல எழுதுறது?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடக்கு. கேட்டவங்க கிட்டயெல்லாம் "ஆணி அதிகம்"னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப எழுத வச்சது என் மகள். செகண்டரி ஸ்கூல் போக ஆரம்பிச்சதிலிருந்து வீட்டுல அவ கேள்வி கேக்குறதும் நான் முழிக்கிறதும் தினசரி நிகழ்ச்சி ஆயிடுச்சு.

அன்னிக்கு சாப்பாட்டு மேசையில லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, "அப்பா, சின்னத் தீவு நாடுகள் மூணை எடுத்து, போக்குவரத்தால எவ்வளவு கார்பன் வெளியேறுதுன்னு ஒப்பிடணுமாம். எதை எடுக்கட்டும்?"னு கேட்டா.

"நாம இருக்கிறதே ஒரு தீவுதானே மக்ளே"ன்னேன்.

சிங்கப்பூரைப் போய் சின்னத் தீவு நாடுன்னு சொல்றாரே அப்பான்னு சிரிச்சா. நிஜமாவே ஐக்கிய நாடுகள் சபை வச்சிருக்கிற சிறு தீவு வளரும் நாடுகள் பட்டியல்ல சிங்கப்பூரும் இருக்கு. மாலத்தீவு இருக்கு, மொரீஷியஸ் இருக்கு. மூணையும் எடுத்துக்கிட்டோம். காரணம் ரொம்ப சிம்பிள். சிங்கப்பூர் நாங்க வாழுற இடம். மாலத்தீவு அவ பொறந்த இடம். மொரீஷியஸ், 2023 டிசம்பர்ல லீவுக்குப் போயிட்டு வந்த இடம். வேற ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லைன்னு தெரிவிச்சுக்கிறேன் :-)

நான் கணக்கு வாத்தியார். அதனால முதல்ல அடிப்படையை சொல்லிக் கொடுத்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிச்சா ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல்னா 2.7 கிலோ. "ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு கிலோ கூட இருக்காதே, எப்படிப்பா ரெண்டு கிலோ வரும்?"னு கேட்டா பாருங்க, அங்கதான் வாத்தியாருக்கு சந்தோஷம். பெட்ரோல்ல இருக்கிற கார்பன் எரியும்போது காத்துல இருக்கிற ஆக்சிஜனைக் கூட சேத்துக்குது. கார்பன் எடை 12, சேந்த பிறகு 44. அதாவது ஒரு கிலோ கார்பன் எரிஞ்சா 3.67 கிலோ. மிச்சம் எடையெல்லாம் காத்துல இருந்து வாங்கின கடன்.

அட்டவணை போட உக்காந்தோம். மூணு நாடு, மூணு வரிசை. மொத்தம் எவ்வளவு, மக்கள்தொகை எவ்வளவு, வகுத்தா தலைக்கு எவ்வளவு. அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் ஆச்சு.

முதல்ல மொரீஷியஸ். இதுதான் இருக்கிறதுலயே சுலபம். ஒரே பெரிய தீவு, சுமார் 12.6 லட்சம் பேர், பதிவான வண்டிகள் ஆறரை லட்சத்துக்கும் மேல. கைக்குழந்தையையும் சேத்துக்கிட்டாலே ரெண்டு பேருக்கு ஒரு வண்டிக்கு மேல வருது. அங்க போக்குவரத்துக் கார்பன்னா அது ரோட்டுல ஓடுற வண்டி, அவ்வளவுதான். இத்தனைக்கும் 2005லிருந்து மாணவர்களுக்கும் வயசானவங்களுக்கும் பஸ் இலவசம். அப்படியும் கார் குறையலை.

எங்களைக் கூப்பிட்ட நண்பர் தமிழ் வம்சாவளி. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடுற நாடு அது. வீட்டுல கிரியோல் பேசுவார், தமிழ்ல "வாங்க, சாப்பிடுங்க" ரெண்டும் சுத்தமா வரும், அதுக்கு மேல சிரிப்புதான். அவர்தான் எங்களை கியூர்பிப்லேருந்து போர்ட் லூயிஸுக்கு மெட்ரோவில கூட்டிட்டுப் போனார். 26 கிலோமீட்டர். இந்தியா உதவிப் பணம் கொடுத்து, லார்சன் அண்ட் டூப்ரோ கட்டினது. 2020 ஜனவரியில பயணிகளுக்கு ஓட ஆரம்பிச்சு, 2022 அக்டோபர்ல கியூர்பிப் வரைக்கும் வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்தத் தீவுல 1864லயே ரயில் ஓடியிருக்கு. 1956ல பயணிகள் ரயிலை நிறுத்தினாங்க, 1964ல மொத்தமா மூடிட்டாங்க. மெட்ரோவோட பெரும்பகுதி அந்தப் பழைய ரயில் பாதை வழியாத்தான் போகுது. அறுபது வருஷம் கழிச்சு, தூக்கிப் போட்டதைத் தேடி எடுத்து மாட்டியிருக்காங்க.

"அப்ப மெட்ரோவுக்கு கார்பன் சைபர்தானே?"ன்னா மகள். அதுவும் இல்லை. அந்த ஊர் மின்சாரத்துல பெரும்பகுதி நிலக்கரியும் எண்ணெயும். காரை விட்டு மெட்ரோவில ஏறினா புகை ரொம்பவே குறையும், ஆனா மிச்சம் இருக்கிற புகை போக்குவரத்துக் கணக்கை விட்டு மின்சாரக் கணக்குக்குப் போயிடும். ஒப்பிடும்போது எந்தப் பெட்டியில எதைப் போட்டிருக்காங்கன்னு பாக்கணும்னு அப்பதான் முதல் மணி அடிச்சுது.

அடுத்தது சிங்கப்பூர். சுமார் 60 லட்சம் பேர், வண்டிகள் ஏறக்குறைய பத்து லட்சம். ஆறு பேருக்கு ஒண்ணு. இங்க கார் வாங்கணும்னா முதல்ல அதை வச்சிருக்க உரிமைச் சான்றிதழ் ஏலம் எடுக்கணும், சிஓஇ. 1990லிருந்து இருக்கு. சமீப வருஷங்கள்ல பல ஏலத்துல அது ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிடுச்சு. காருக்கு இல்லைங்க, காகிதத்துக்கு. 2018லிருந்து கார்களோட வளர்ச்சி விகிதத்தையே சைபர் ஆக்கிட்டாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எம்ஆர்டியும் பஸ்சும்தான். அட்டவணையில சிங்கப்பூர் ரோட்டுப் போக்குவரத்து நல்ல பிள்ளையா வந்து உக்காந்துச்சு. மகளுக்குப் பெருமை தாங்கலை.

மூணாவது மாலத்தீவு. இங்கதான் சிக்கல். இங்கதான் என் கொசுவத்தியும் சுத்த ஆரம்பிச்சுது.

2011லிருந்து நாலு வருஷம் அங்க ஒரு தீவுப் பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக் கொடுத்தேன். தெற்கே, ஹுவது அட்டோல். 250 தீவுக்கு மேல ஒரு வளையமா கிடக்கும், நடுவுல பெரிய கடல் ஏரி. எங்க தீவு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தா கால் மணி நேரம். தீவுக்குள்ள போக்குவரத்துன்னா கால்தான், மிஞ்சினா சைக்கிள், ரெண்டு மோட்டார் பைக். அந்த நாட்டு நிலம் மொத்தமும் சேத்தா சுமார் 300 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர்ல பாதி கூட இல்லை. ஆனா வடக்குத் தெற்கா 800 கிலோமீட்டருக்கு மேல இழுத்து விட்டிருக்கு. ஜனங்க குடியிருக்கிற தீவு மட்டும் 180க்கு மேல. நமக்குத் தெருமுனைக் கடைக்குப் போற மாதிரி அவங்களுக்குக் கடல் தாண்டணும். நம்ம தோணியைத்தான் அங்க தோனின்னு சொல்றாங்க. ஒரு காலத்துல பாய் கட்டி ஓடினது. 1970கள்ல இன்ஜின் வந்துச்சு. அதோட காத்துக்கு பதில் டீசல்.

நாங்க இருந்தப்ப பெரிய தீவுக்கு ஃபெர்ரி வாரத்துல மூணு நாள். 2013 ஜூலை. தங்கமணிக்கு ஒன்பதாம் மாசம். வியாழக்கிழமை ஃபெர்ரியில கிளம்பி, பெரிய தீவுல ஆஸ்பத்திரிக்குப் பக்கமா ஒரு ரூம் எடுத்து இருந்துக்கலாம்னு ஏற்பாடு. திங்கள் ராத்திரி பத்தரை மணிக்கு வலி எடுத்துடுச்சு. தண்ணிக்குடம் உடைஞ்சுது. தீவுல இருந்த சுகாதார நிலையத்து நர்ஸம்மா பாத்துட்டு, குழந்தை தலை திரும்பலை, இங்க முடியாது, இப்பவே கொண்டு போங்கன்னுட்டாங்க.

ஐம்பது கிலோமீட்டர் தண்ணி. தென்மேற்குப் பருவக்காத்து. ஒரு ஸ்பீட் போட் இருந்துச்சு, ரெண்டு இன்ஜின் மாட்டினது. ஆனா டேங்க்ல பெட்ரோல் இல்லை. பெட்ரோல் விக்கிறவர் மாலேவுக்குப் போயிருந்தார்.

என் வகுப்புப் பையன் ஒருத்தன் வீடு வீடா ஓடினான். மீன் பிடிக்கப் போறவங்க, ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்க, பைக் வச்சிருக்கிறவர், ஆளுக்கு ஒரு கேன், அரை கேன்னு தூக்கிட்டு வந்தாங்க. இருபது லிட்டர் கேன் பத்து. படகோட்டி மணல்ல நின்னு எண்ணிப் பாத்துட்டு, போக வர போதும்னார். முன்னாடி ஒரு ஆள் டார்ச் அடிச்சுக்கிட்டுப் பவளப்பாறை பாத்துக் கை காட்டுவார், அதைப் பாத்து இவர் திருப்புவார். அலை அடிக்கும்போதெல்லாம் தங்கமணி என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் நினைவிருக்கு. பகல்ல ஒரு மணி நேரத்துல போற தூரம், ரெண்டரை மணி நேரம் ஆச்சு. விடிகாலை 5.20க்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அந்தக் குழந்தைதான் இப்ப எதிர்ல உக்காந்து மாலத்தீவு மேல மவுஸை வச்சுக்கிட்டு, "தலைக்கு எவ்வளவுப்பா?"ன்னு கேக்குது.

சரி, கணக்குக்கு வருவோம். 200 லிட்டர். 2.3 ஆல பெருக்கினா 460 கிலோ. இது உள்நாட்டுப் போக்குவரத்து. ஆகவே மாலத்தீவு கணக்குல கிராம் குறையாம ஏறும்.

இப்ப இன்னொரு பயணத்தைப் பாருங்க. லண்டன்லேருந்து ஒருத்தர் மாலத்தீவுக்கு வர்றார். சுமார் 8,500 கிலோமீட்டர். போக வர ஒரு ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல கார்பன். இது யார் கணக்கு? மாலத்தீவா? இல்லை. பிரிட்டனா? அதுவும் இல்லை. நாடுகள் கணக்குக் கொடுக்கிற விதிப்படி, சர்வதேச விமானத்துக்கும் சர்வதேசக் கப்பலுக்கும் ஊத்தின எண்ணெயைத் தனியா ஒரு ஓரத்துல குறிச்சு வச்சாப் போதும், நாட்டோட மொத்தத்துல சேக்கக் கூடாது. 1997 கியோட்டோ ஒப்பந்தத்துலயே இதை விமானத்துக்கான சர்வதேச அமைப்பும் கப்பலுக்கான சர்வதேச அமைப்பும் பாத்துக்கட்டும்னு தள்ளி விட்டுட்டாங்க.

அதே ஆள் மாலேவுல இறங்கி, மிதவை மாட்டின குட்டி விமானத்துல ஏறி ரிசார்ட்டுக்குப் போறார்னு வைங்க. ட்வின் ஆட்டர்னு பேரு, பதினஞ்சு பேர் உக்காரலாம், விமானி வெறுங்காலோட ஓட்டுவார். மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர் குடிக்கும். இது உள்நாட்டுப் பயணம். அதனால மாலத்தீவு கணக்கு. 2024ல அந்த நாட்டுக்கு வந்த பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல. 2022 கணக்கெடுப்புல மக்கள்தொகை 5.15 லட்சம். ரிசார்ட் விமானமும் ரிசார்ட் படகும் குடிச்ச எண்ணெய் மேல, அஞ்சு லட்சம் பேர் கீழ. வகுத்தா வர்ற நம்பருக்குப் பேரு "ஒரு மாலத்தீவுக்காரர் வெளியேத்துற கார்பன்". எங்க தீவுல வாரத்துக்கு மூணு ஃபெர்ரிக்காக உக்காந்திருந்தவங்க தலையிலயும் அது ஏறும்.

இதை நான் சொன்னதும் மகள் கொஞ்ச நேரம் பேசலை. அந்த ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பார்க் போயிருந்தோம். கடல்ல வரிசையா கப்பல் நிக்குமே, அதைக் காட்டி, "அது யார் கணக்குப்பா?"ன்னா.

வீட்டுக்கு வந்து பாத்தோம். உலகத்துலயே கப்பலுக்கு அதிகமா எண்ணெய் நிரப்புற துறைமுகம் சிங்கப்பூர். 2024ல மட்டும் சுமார் 5 கோடியே 49 லட்சம் டன். ஒரு டன் கப்பல் எண்ணெய் எரிஞ்சா ஏறத்தாழ 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினா 17 கோடி டன். சிங்கப்பூர்ங்கிற நாட்டோட மொத்தக் கணக்கு, ஆலை, மின்சாரம், கார், பஸ் எல்லாம் சேத்து, 2022ல 5 கோடியே 86 லட்சம் டன். ஏறக்குறைய மூணு மடங்கு அந்த ஓரக் குறிப்புல நிக்குது! நல்ல பிள்ளை பட்டத்தை மகள் மெதுவா வாபஸ் வாங்கினா.

ஆனா இதை அப்படியே சிங்கப்பூர் தலையில கட்டுறதும் நியாயம் இல்லை. அந்தக் கப்பல்ல போறது எந்த ஊர் ஆளோட டிவியோ, எந்த ஊர் கோதுமையோ. எண்ணெய் ஊத்தின இடம்னு எழுதினா சிங்கப்பூர் மாட்டும். கப்பல்ல பறக்கிற கொடிப்படி எழுதினா மார்ஷல் தீவுகள் மாட்டும். நாப்பதாயிரம் பேர் சொச்சம் இருக்கிற நாடு, ஆனா உலகத்தோட மூணு பெரிய கப்பல் பதிவேடுகள்ல ஒண்ணு அவங்களோடது. அந்தக் கப்பல்கள்ல பெரும்பாலானது அந்தத் தீவைக் கண்ணால கூடப் பாத்திருக்காது. கிளம்பின ஊர், சேர்ற ஊர், சரக்கோட சொந்தக்காரர்னு இன்னும் பல வழிகளை 1990கள்லயே பேசிப் பாத்தாங்க. எதுலயும் ஒத்து வரலை. கடைசியில யார் கணக்குலயும் இல்லைன்னு ஆச்சு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த மார்ஷல் தீவுகளே சாலமன் தீவுகளோட சேந்து 2021ல, கப்பல் புகைக்கு டன்னுக்கு 100 டாலர் வரி போடுங்கன்னு சர்வதேசக் கடல்சார் அமைப்புல கேட்டாங்க. கப்பல் பதிவுல வருமானம் பாக்கிற நாடு கேக்குது! 2025 ஏப்ரல்ல ஒரு நீர்த்துப்போன திட்டம் வாக்கெடுப்புல தேறினப்ப, இது போதாதுன்னு பசிபிக் தீவு நாடுகள் ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கிட்டாங்க. அக்டோபர்ல அதைக் கூட நிறைவேத்தாம ஒரு வருஷத்துக்குத் தள்ளி வச்சாச்சு.

இப்ப எங்க வீட்டுக் கணக்கு. இதைச் சொல்லாம விட்டா நான் யோக்கியன் இல்லை. 2023ல மொரீஷியஸ் போனோமே, சிங்கப்பூர்லேருந்து ஏழு மணி நேரம், 5,500 கிலோமீட்டர். மூணு பேர், போக வர. மகளே போட்டுப் பாத்தா. ரெண்டரை டன்னுக்குக் குறையலை. ஒரு வாரம் கடற்கரையில படுத்துக்கிட்டு வந்ததுக்கு, அவ உயிரோட பொறக்குறதுக்கு எரிஞ்சதை விட அஞ்சு மடங்குக்கு மேல. அது மாலத்தீவு கணக்குல இருக்கு. இது எந்த நாட்டுக் கணக்குலயும் இல்லை.

தங்கமணி அடுக்களையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவ வெளிய வந்தா. "அந்த ராத்திரி பெட்ரோலைப் போயி கிலோ கணக்கு பாக்குறீங்களே, உங்களுக்கு வேற வேலை இல்லியா"ன்னா. அவளுக்கு லிட்டர் நினைவில்லை. ஆனா யார் யார் கேன் கொண்டு வந்தாங்க, யார் தன் பைக் டேங்க்லேருந்து குழாய் போட்டு உறிஞ்சிக் கொடுத்தார், எல்லாம் பேர் பேரா சொன்னா. மறுவாரம் நான் பணம் கொண்டு போனப்ப ஒருத்தரும் வாங்கலை.

ஆனா நான் இதுல தங்கமணி கட்சி இல்லை. எண்ணத்தான் வேணும்னு சொல்லுவேன். எண்ணினாத்தான், நல்ல ஃபெர்ரி தினம் ஓடினா, எல்லாத் தீவுலயும் ஒரு பிரசவத்துக்கு வசதி இருந்தா, அந்த 200 லிட்டரே தேவைப்பட்டிருக்காதுன்னு தெரியும். 2022லிருந்து அங்க அட்டோல்களுக்குள்ள கால அட்டவணைப்படி வேகப் படகு சர்வீஸ் ஆரம்பிச்சிருக்காங்கன்னு படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. அதுவும் எண்ணெய் குடிக்கும்தான். ஆனா ஒரு படகுல பல பேர். 2009ல அந்த நாட்டு அதிபரா இருந்த முகமது நஷீத் பத்து வருஷத்துல கார்பனே இல்லாத நாடா ஆக்குவோம்னு அறிவிச்சார். அதே வருஷம் அக்டோபர்ல கடலுக்கடியில அமைச்சரவைக் கூட்டம் நடத்தினார், ஞாபகம் இருக்கும். அது நடக்கலை. கடலைத் தாண்ட வேற இன்ஜின் மலிவா கிடைக்காத வரைக்கும் எப்படி நடக்கும்? சராசரியா ஒன்றரை மீட்டர் உயரத்துல நிக்கிற ஊர் அது. புகை யாருதா இருந்தாலும் தண்ணி முதல்ல ஏறுறது அவங்க வாசல்லதான்.

மகள் கடைசியில மூணு நாட்டுக்கும் தலைக்கு எவ்வளவுன்னு எழுதினா. அதுக்குப் பக்கத்துல அவளாவே இன்னொரு வரிசை போட்டா: "யாருக்காக எரிஞ்சது?" மொரீஷியஸுக்கு நேரா, பெரும்பாலும் அந்த ஊர்க்காரங்களுக்குன்னு. மாலத்தீவுக்கு நேரா, பாதி விருந்தாளிக்கா, பாதி வீட்டுக்காரங்களுக்கா, பிரிச்சுப் பாக்கணும்னு. சிங்கப்பூருக்கு நேரா, பெரிய பகுதி இந்த அட்டவணைக்கு வெளியே நிக்குதுன்னு. அட்டவணைக்குக் கீழ ஒரு தனி வரி: ஒரு குடும்பம், மொரீஷியஸ் லீவு, 2.5 டன், எந்த நாடும் இல்லைன்னு.

"அந்த 460 கிலோவை எங்கப்பா எழுத?"ன்னு கேட்டா.

"மாலத்தீவுலயே இருக்கட்டும் மக்ளே. ஆனா யாருக்காகங்கிற இடத்துல உன் பேரை எழுது"ன்னேன்.

எழுதிட்டு, ஸ்கூலுக்கு அனுப்பிட்டா. இந்த டிசம்பர் லீவுக்கு எங்க போறதுன்னு இன்னும் வீட்டுல பேச்சு எடுக்கலை. எடுத்தா முதல் கேள்வி யார்கிட்டேருந்து வரும்னு எனக்குத் தெரியும்.